ஒரு பெட்டிக்கு நாலு பொட்டு

சங்கரன்கோவிலில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியின் கம்ப்யூட்டர்களை மேய்ப்பது என் வேலை. மேய்ப்பது என்றுதான் சொல்ல வேண்டும். பிரின்டரில் பேப்பர் சிக்கினாலும் என்னைத்தான் கூப்பிடுவார்கள், பெரிய டாக்டரின் செல்போனில் சத்தம் வராவிட்டாலும் என்னைத்தான் கூப்பிடுவார்கள். ஆனால் என் உயிர் இருந்தது பழைய மருந்து ஸ்டோர் அறையில், ஏ.சி.க்கு நேர் கீழே இருந்த சர்வர்களில்.

முன்பு நான்கு பெட்டிகள் இருந்தன. பில்லுக்கு, லேபுக்கு, ஸ்கேன் படங்களுக்கு, மருந்துக் கணக்குக்கு என்று தனித்தனி. எல்லாம் கிழடு. கரண்ட் போய் வரும்போதெல்லாம் ஏதாவது ஒன்று எழுந்திருக்காது. டாக்டரை நச்சரித்து ஒரு பெரிய பெட்டி வாங்க வைத்து, நான்கு சர்வர்களையும் அதற்குள் குடியேற்றினேன். விர்ச்சுவல் மெஷின் என்பார்கள். ஒரே வீட்டில் நான்கு அடுப்பு வைத்துக் குடும்பம் நடத்துவது மாதிரி. ஒன்று படுத்துக்கொண்டால் மற்றவற்றைத் தொடாமல் அதை மட்டும் எழுப்பிவிடலாம். அதன் பிறகுதான் நான் ஒழுங்காகச் சாப்பிட ஆரம்பித்தேன்.

லேப் சாப்ட்வேர் விற்ற கம்பெனிக்கு மட்டும் இது ஆகாது. தனிப் பெட்டியில்தான் ஓட்ட வேண்டும், விர்ச்சுவல் மெஷினில் ஓட்டினால் சப்போர்ட் கிடையாது என்று ஒப்பந்தத்திலேயே போட்டிருந்தார்கள். ஏன் என்று கேட்டால் காரணம் சொல்ல ஆளில்லை. "எங்க பாலிசி மேடம்" என்பார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. சொல்லாமலே மாற்றிவிட்டேன். அவர்களுக்குத் தெரிந்து சப்போர்ட்டை நிறுத்திவிட்டால், சாப்ட்வேர் மக்கர் பண்ணுகிற அன்றைக்கு ஒரு ரத்தப் பரிசோதனை முடிவும் வெளியே வராது. நான்தான் வெளியே போக வேண்டியிருக்கும்.

ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கும்போது லேப் சர்வரைப் படம் எடுத்து அனுப்பச் சொன்னார்கள். ஆயுத பூஜை முடிந்த மறுநாள் அது. எடுத்து அனுப்பினேன். கொஞ்ச நேரத்தில் அவர்களுடைய சென்னை ஆபீசிலிருந்து, சப்போர்ட் பார்க்கிற ஒருவர் போன் செய்தார்.

"போட்டோ வந்துச்சு மேடம். ஒரு பெட்டிக்கு எதுக்கு நாலு பொட்டு?"

பொட்டு வைத்தது எங்கள் லேப் அக்கா. உள்ளே நான்கு சர்வர் இருக்கிறது என்று நான்தான் அவளிடம் அளந்திருந்தேன். ஒன்றுக்கு வைத்து மற்றதை விட்டால் நன்றாகவா இருக்கும் என்று வரிசையாக நான்கு சந்தனப் பொட்டும் குங்குமமும் வைத்துவிட்டாள். அவர் கேட்டதும் என் வாய் முந்திக்கொண்டது.

"உள்ளுக்குள்ள நாலு பேரு இருக்காங்கல்லா" என்றேன்.

அவர்களோடு பேசுவதெல்லாம் பதிவாகும். என் சோலி முடிந்தது என்று நினைத்தேன்.

"போட்டோ தெளிவா இல்ல மேடம். பெட்டிய நல்லாத் தொடச்சிட்டு வேற ஒண்ணு எடுத்து அனுப்புங்க" என்றார். பிறகு, "லேப் சாப்ட்வேரு தனிக்குடித்தனந்தான?" என்று கேட்டார்.

எனக்குப் போன உயிர் வந்தது. "ஆமா அண்ணாச்சி, தனிக்குடித்தனந்தான்."

"நல்லா இருக்கட்டும். நீ எந்த ஊரு மக்கா? எனக்குச் சிவகிரி, ஒங்க பக்கந்தான்."

அதன் பிறகு எப்போது கூப்பிட்டாலும் முதல் கேள்வி அதுதான். தனிக்குடித்தனந்தான? ஆமா அண்ணாச்சி. அதற்கப்புறம் வேலையைப் பார்ப்போம். அவர் அங்கிருந்தபடியே சரிசெய்துகொண்டிருக்கும்போது ஊரில் மழை உண்டா, சிவகிரி பஸ்ஸில் இப்போதும் அதே கூட்டமா என்று கேட்பார். சின்ன வயதில் எங்கள் கோயில் ஆடித்தபசுத் திருவிழாவுக்கு அப்பாவின் தோளில் உட்கார்ந்து வந்ததைச் சொல்லுவார்.

"இந்தத் தபசுக்கு வாரேன் மக்கா. ஒன் பெட்டியையும் ஒரு எட்டுப் பாத்துட்டுப் போறேன்" என்பார்.

"வாங்க அண்ணாச்சி, பிரியாணி வாங்கித் தாரேன்" என்பேன். தபசு வந்துவிட்டுப் போகும், அவர் வரமாட்டார். லீவு கிடைக்கலை என்பார், ஆள் இல்லை என்பார். "ஓட்டுக் கேக்க வாரவங்ககூட சொன்னா வந்துருதாங்க" என்று நான் கிண்டல் செய்வேன். விழுந்து விழுந்து சிரிப்பார். அவர் முகத்தை நான் படத்தில்கூடப் பார்த்ததில்லை.

இந்த வருஷம் தபசு முடிந்து சில வாரங்கள் கழித்து ஒரு காலையில் லேப் சாப்ட்வேர் திறக்கவில்லை. வெறும் வயிற்றோடு ரத்தம் கொடுத்தவர்கள் வராண்டா முழுக்க முடிவுக்காக உட்கார்ந்திருந்தார்கள். அவருடைய எண்ணுக்குப் போட்டேன். அவரோடு வேலை பார்க்கிற ஒரு பெண் எடுத்தார்.

"சார் தவறிட்டார் மேடம். போன மாசம்" என்றார். "ரொம்ப நாளாவே டயாலிசிஸ்ல இருந்தார். ஒருநாள் விட்டு ஒருநாள் போகணும். அவர் யார்கிட்டயும் சொல்லிக்க மாட்டார்."

டயாலிசிஸ் கட்டிலோடு கட்டிப்போட்ட அந்த வாழ்க்கையை ஆஸ்பத்திரியில் தினமும் பார்க்கிறவள் நான். லீவு கிடைக்கலை என்று அவர் சொன்னபோதெல்லாம் நான் செய்த கிண்டல் ஒவ்வொன்றாக ஞாபகம் வந்தது.

அந்தப் பெண்தான் தயங்கித் தயங்கித் தொடர்ந்தார். "எல்லா இடத்திலயும் மெஷினை மறுபடி செக் பண்ணச் சொல்லியிருக்காங்க. ஆனா உங்க இடத்தைப் பத்தி கடைசியா ஆஸ்பத்திரிக்குப் போகும்போது சொல்லிட்டுப் போனார். சங்கரன்கோவில் பெட்டியை நானே நேர்ல போய்ப் பாத்துட்டேன், தனி மெஷின்தான், அந்தப் பொண்ணை ஒண்ணும் கேக்காதீங்கன்னார். அந்த உடம்போட எப்படிப் போனார்னு எங்களுக்கு ஆச்சரியம். நிஜமாவே வந்தாரா மேடம்?"

இல்லை என்றால் சப்போர்ட் போகும். அதைவிட, செத்துப்போன மனிதர் எனக்காகச் சொன்ன பொய் சந்திக்கு வந்துவிடும்.

"வந்தாங்க" என்றேன். "ஆடித்தபசுக்கு வந்தாங்க."

"நல்லா இருந்தாரா?"

"நல்லா இருந்தாங்க. பிரியாணி சாப்ட்டாங்க. அவ்வளவு கூட்டத்துலயும் கோயில் வாசல் வரைக்கும் நடந்தே வந்தாங்க." சொல்லச் சொல்ல எனக்கே அதை நிறுத்த முடியவில்லை.

"போதும் மேடம்" என்றார் அந்தப் பெண். அவர் குரல் உடைந்திருந்தது. "ஊரைப் பாக்காமலே போயிட்டாரேன்னு நினைச்சிட்டிருந்தோம். பாத்துட்டாரே. வாங்க, என்ன பிரச்சினைன்னு பாப்போம்."

சாப்ட்வேர் திறந்தது. ரிப்போர்ட்கள் வரிசையாக வந்து விழுந்தன. அவற்றை எடுக்க வந்த லேப் அக்கா என் முகத்தைப் பார்த்துவிட்டு நின்றாள்.

"ஏட்டி, என்ன ஆச்சு? ஏன் அழுத?"

"சிவகிரி அண்ணாச்சி ஒருத்தங்க தவறிட்டாங்கக்கா. நீங்க வச்ச பொட்டைத் தொடைக்கச் சொன்னாங்கல்லா, அவங்க."

"அடப்பாவமே" என்று உட்கார்ந்தாள். "நீ அவங்களப் பாத்திருக்கியா?"

இல்லை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.