சாட்சிக் கையெழுத்து

பிற்பகல் மூன்று நாற்பது. மருத்துவ பீடத்தின் ஆய்வு ஒழுக்கநெறிக் குழுவுக்கு அப்போது நான்தான் செயலாளர். என் மேசையில் ஒரு நீலக் கோப்பு திறந்து கிடந்தது. சமுதாய மருத்துவத் துறையில் எல்லோரும் மிஸ் என்றே அழைத்த மூத்த விரிவுரையாளருடையது. உன்னிச்சைப் பக்கத்து வயல்களில் பாடுபடும் கமக்காரர்களின் சிறுநீரக நோய்க்குக் கிணற்றுத் தண்ணீர் காரணமா என்று ஆராய அவர் நிதி கேட்டிருந்தார். அதே நிதிக்கு, நான் விரிவுரையாளராக இருந்த வேறொரு துறையின் தலைவரும் விண்ணப்பித்திருந்தார். கிடைக்கப்போவது ஒருவருக்குத்தான். நான்கு மணிக்குள் நிதி தருபவர்களுக்குக் குழுவின் அனுமதிக் கடிதம் போகவேண்டும்.

மிஸ்ஸின் கோப்பில் ஒரே ஒரு குறை. கமக்காரர் அமைப்பின் தலைவர் சம்மதக் கடிதத்தில் பெருவிரல் அடையாளம் வைத்திருந்தார். பக்கத்தில் சாட்சியின் கையெழுத்து இல்லை. அடையாளம் வாங்கிய அன்று மிஸ்ஸோடு கூடப்போன உதவி விரிவுரையாளர் கீழ்மாடியில் வகுப்பு எடுத்துக்கொண்டிருந்தார். ஒரு தொலைபேசி அழைப்பு போதும். நான் கையை நீட்டியபோது எங்கள் துறைத் தலைவர் உள்ளே வந்தார்.

"என்ன, அந்தக் கிணத்துத் தண்ணி மிஸ்ஸிட பைலா? மறுகா பாருமன், என்ன அவசரம்?" என்று சிரித்தார். என் பதவி உயர்வுக் கடிதம் அவர் கையெழுத்துக்காக அவர் மேசையில் இருந்தது. நானும் சிரித்தேன். 'முழுமையற்றது' என்று எழுதி, கோப்பைத் திருப்பி அனுப்பும் தட்டில் வைத்தேன்.

நான்கு மணி தாண்டி மிஸ் படியேறி வந்தார். "ஒரு சத்தம் குடுத்திருந்தா ஓடி வந்திருப்பமே, தம்பி."

"சட்டம் சட்டந்தானே, மிஸ்" என்றேன். அப்படிச் சொன்ன என் குரலை நினைத்தால் இன்றும் காது கூசுகிறது.

நிதி எங்களுக்கு வந்தது. மிஸ் தன் மாணவர்களோடு பஸ்ஸில் போய், சோடாப் போத்தல்களில் கிணற்றுத் தண்ணீர் கொண்டுவந்தார். வாவிப் பாலத்தருகே போத்தல் பையோடு அவர் நிற்பதைக் கண்டால் காரின் வேகத்தைக் கூட்டிவிடுவேன். அந்தக் கிணறுகளில் ஆட்கள் தண்ணீர் அள்ளிக்கொண்டேதான் இருந்தார்கள்.

இப்போது என் மகள் அதே பீடத்தில் மூன்றாம் வருடம். மிஸ்தான் அந்த ஒழுக்கநெறிக் குழுவின் தலைவர். போன கிழமை மகள் தன் ஆய்வுக் கோப்பைக் கொடுத்துவிட்டு வந்து, செட்டிபாளையத்து மீனவர் ஒருவரின் கடிதத்தில் பெருவிரல் அடையாளத்துக்குச் சாட்சி வைக்க மறந்துவிட்டதாகச் சொன்னாள். மறுநாள்தான் கடைசி நாள். மன்னிப்புக் கேட்பதா, மகளுக்காகக் கெஞ்சுவதா என்று தெரியாமலே மறுநாள் மிஸ்ஸின் அறை வாசலில் போய் நின்றேன். அன்று என் மேசையில் அவருடைய கோப்பு கிடந்த அதே மூன்று நாற்பதுக்கு மிஸ் வந்தார். தலை முழுக்க நரைத்திருந்தது.

"மகள்ட பைலுக்கா வந்தநீங்க? சாட்சிக் கையெழுத்து இல்லாமக் கிடந்தது. போனில கோல் எடுத்தன், கூடப்போன பிள்ளையையும் கூட்டிக்கொண்டு ஓடி வந்து வைப்பிச்சிட்டா. பத்து நிமிசமும் ஆகல்ல, தம்பி."