அசைந்தால் ஃபெயில்

நண்பகல் மணி அடிக்கும்போது எங்கள் பள்ளியில் யாரும் அசையக் கூடாது. பாதிரியார்கள் நடத்தும் பையன்கள் பள்ளி அது. தாம்பரத்தில், ரயில் சத்தம் கேட்கும் தூரத்தில் இருக்கிறது. மாதா சிலை வைத்த கெபிக்குப் பின்னாலிருந்து மணி மும்மூன்றாக அடிக்கும். ஜெபத்துக்கான மணி. பி.டி. பீரியடாக இருந்தால் மைதானம் அப்படியே நின்றுவிடும். பந்து போட ஓடி வந்தவன் பாதி ஓட்டத்தில் நிற்பான். குழாயில் வாய் வைத்தவன் குனிந்தபடியே இருப்பான். தண்ணீர் கன்னத்தில் வழிந்து காலருக்குள் இறங்கும். பந்து மட்டும் யாருக்கும் கட்டுப்படாமல் தூங்குமூஞ்சி மரம் வரை உருண்டு போகும். நாங்கள் கிளப்பிய புழுதி எங்கள் வெள்ளைச் சட்டைகள் மேலேயே மெல்ல வந்து உட்காரும். மேலே விமானப்படையின் குட்டி விமானம் ஒன்று வட்டமடிக்கும். தண்ணீருக்கு அடியில் நிற்பதுபோல இருக்கும் எனக்கு.

ஜெபம் தெரிந்தவர்கள் முணுமுணுப்பார்கள். எனக்குத் தெரியாது. முருகா, முருகா என்று சொல்லிக்கொண்டிருப்பேன். பக்கத்தில் நிற்கும் பாய் வீட்டுப் பையன் அவன் வீட்டில் சொல்லிக்கொடுத்ததைச் சொல்வான். யார் எதைச் சொன்னாலும் பயம் ஒன்றுதான். ஆறாம் வகுப்பில் சேர்ந்த புதிதிலேயே ஒரு சீனியர் எங்களை உட்காரவைத்துச் சொல்லியிருந்தான்.

“பெல் அடிக்கிறப்ப அசைஞ்சா ஃபெயில்டா. ஒருத்தன் மூக்கச் சொறிஞ்சான். இன்னும் ஆறாவதுலதான் கீறான்.”

மற்றவர்கள் சிரித்தார்கள். நான் அன்றிலிருந்து மணி அடிப்பதற்கு முன்பே மூக்கைச் சொறிந்து முடித்துவிடுவேன்.

ஒன்பதாவது படிக்கும்போது ஒரு நாள் மணி அடித்துக்கொண்டிருந்தது. கேட்டுக்கு வெளியே என் மாமா பைக்கில் வந்து நின்றார். அம்மாவின் தம்பி, கேம்ப் ரோட்டில் கார் சீட் கவர் தைக்கும் கடை வைத்திருந்தார். என்னைப் பார்த்ததும் கையைத் தூக்கி வா, வா என்று ஆட்டினார். மைதானம் முழுக்க சிலைகள். நடுவில் நான் ஒருவன் நடந்து போனேன். என் ஷூ சத்தம் எனக்கே பெரிதாகக் கேட்டது. சிலைகளின் கண்கள் மட்டும் என் கூடவே திரும்பின.

பைக்கில் ஏறிய பிறகுதான் மாமா சொன்னார், அப்பா வேலை செய்யும் இடத்தில் விழுந்துவிட்டார் என்று. அப்பா பிழைத்துக்கொண்டார். வலது கைக்குத்தான் கடைசிவரை அசைவு திரும்பவில்லை. அப்பாவுக்குச் சரியாகும் வரை என்று மாமா கடைக்குப் போனேன். பிறகு அந்தக் கடையே எனக்கு வந்தது. கல்யாணம் ஆனது, மகன் பிறந்தான். காற்று இந்தப் பக்கம் அடித்தால் கடை வரைக்கும் மணி கேட்கும். தையல் மிஷின் பெடலிலிருந்து கால் தானாக எழுந்துகொள்ளும்.

மகனை அதே பள்ளியில் ஆறாவதில் சேர்க்க வேண்டும் என்று மனைவிக்கு ஆசை. எனக்கும்தான். ஆனால் பையனோடு அப்பா அம்மாவையும் கூப்பிட்டுப் பேசுவார்கள் என்றதும் எனக்குத் தூக்கம் போய்விட்டது. ஒன்பதாவதோடு நின்ற அப்பனைப் பார்த்துப் பையனுக்கு இடமில்லை என்று சொல்லிவிட்டால்?

“படிப்பக் கேட்டா பிசினஸ்னு சொல்லுங்க” என்றாள் மனைவி.

“படிப்பக் கேட்டா எப்படி பிசினஸ்னு சொல்றது?”

“அப்ப நான் பேசிக்கிறேன். நீங்க தலைய மட்டும் ஆட்டுங்க.”

இன்டர்வியூ அன்று பள்ளி வராந்தாவில் நிறைய பெற்றோர்கள் காத்திருந்தார்கள். எங்களைக் கூப்பிட்ட அதே நேரம் மணி அடித்தது. எல்லோரும் பேசிக்கொண்டும் போன் பார்த்துக்கொண்டும் இருந்தார்கள். நான் நின்றுவிட்டேன். மகன் கையைப் பிடித்து இழுத்தான். “அப்பா, நம்மளத்தான் கூப்புடுறாங்க.” மனைவி முதுகில் கை வைத்துத் தள்ளினாள். போகாவிட்டால் சீட் போய்விடும். போனால், இந்த முறை என்ன போகும்? கால் நகரவில்லை.

மணி ஓய்ந்த பிறகுதான் பார்த்தேன், அறை வாசலில் தலைமை ஆசிரியரான ஃபாதரும் கண்ணை மூடி நின்றுகொண்டிருந்தார். கண்ணைத் திறந்து என்னையே பார்த்தார்.

“நம்ம பையனா?”

இங்கே படித்தவர்களை, தலை நரைத்தாலும், அப்படித்தான் கேட்பார்கள்.

“ஒன்பதாவது வரைக்கும், ஃபாதர்.”

மனைவி என் காலை மிதித்தாள். தலையை மட்டும் ஆட்டியிருக்க வேண்டும். ஃபாதர் என்னை மேலே ஒன்றும் கேட்கவில்லை. மகனிடம் குனிந்தார்.

“அப்பா ஏன்டா சிலையாட்டம் நின்னாரு?”

“அவருக்கு எல்லாத்துக்கும் பயம், ஃபாதர். கேஸ் மூடியாச்சான்னு பாத்துட்டு வந்து மறுபடியும் போய் பாப்பாரு.”

“உனக்கு பயம் இல்லியா?”

“இல்ல ஃபாதர். எனக்கும் சேத்து அவரே பயந்துடுவாரு.”

ஃபாதர் சிரித்துக்கொண்டே எங்களை உள்ளே அழைத்தார். சீட் கிடைத்தது. அவன் பேச்சுக்குக் கிடைத்ததா, நான் நின்றதற்குக் கிடைத்ததா என்று அதற்கும் ஒரு கவலை எனக்கு. மனைவி, கிடைச்சதுக்கு அப்புறமும் கவலைப்படுற ஆள் நீங்க ஒருத்தர்தான் என்றாள்.

போன மாதம் மகன் சாப்பாட்டுப் பையை மறந்துவிட்டுப் போய்விட்டான். கடையைப் பக்கத்துக் கடைக்காரரைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டுக் கொண்டுபோனேன். கேட்டருகே வண்டியை நிறுத்தவும் மணி அடிக்கவும் சரியாக இருந்தது. மைதானத்தில் அவன் வகுப்பு விளையாடிக்கொண்டிருந்தது. எல்லாம் நின்றது. பந்து உருண்டது. அதே மரம், அதே புழுதி. அவன் ஒரு காலில் சாய்ந்தபடி நின்றான். என்னைப் பார்த்துவிட்டான். இவர் ஏன் இந்த நேரத்தில் வந்தார் என்று அவன் கண் கேட்டது.

ஒன்றுமில்லை, சாப்பாடுதான் என்று சொல்லத் துடித்தது. அன்று மாமா தூக்கியதுபோல என் கை பாதி எழுந்தது. எழுந்த இடத்திலேயே அதை நிறுத்தினேன். டப்பாவைச் சரியாக மூடவில்லை போலிருக்கிறது. பையை அடியில் தாங்கியிருந்த மற்றக் கையில் சாம்பார் சூடாக விரலில் வழிந்து மணிக்கட்டுக்கு இறங்கியது. குட்டி விமானம் தலைக்கு மேல் ஒரு வட்டம் போனது.

மணி ஓயும் வரை நான் கையை ஆட்டவில்லை.