மாம்பூவுக்கு முன்னால் மதினி

படப்பெட்டியின் கருப்புத் துணிக்குள் தலையை நுழைத்தால் தோட்டம் தலைகீழாகத் தெரியும். மாமரம் வேர் மேலும் பூ கீழுமாகத் தொங்கும். மாசி மாதத்தில் ஒரு காலை, நான் அப்படிப் பார்த்துக்கொண்டிருந்தபோது, பெட்டியின் கண்ணாடியில் மேல்விளிம்பை ஒட்டி இரண்டு பாதங்கள் வந்து நின்றன. மஞ்சள் பூசி, அதன்மேல் வண்டிப்பாதைப் புழுதி படிந்த பாதங்கள். என் அண்ணன் மனைவி, மதினி. களக்காட்டிலிருந்து இரவெல்லாம் மாட்டுவண்டியில் வந்திருந்தாள். வீட்டிலிருந்து என்னைப் பார்க்கவென்று வந்த ஒரே ஆள் அவள்தான்.

நான் அப்போது பாளையங்கோட்டையில் ஒரு பெண்கள் பள்ளிக்கூடத்தில் உபாத்தியாயினி. விளையாடுகிற வயதில் எனக்குக் கட்டிய தாலி அடுத்த கோடைக்குள் போய்விட்டது. வீட்டு மூலையில் உட்கார வைக்க மனமில்லாமல் தகப்பனார் என்னைப் பள்ளிக்கூடத்தில் சேர்த்தார். ஊர் சிரித்தது. ஆனால் எங்கள் குடும்பத்தில் கையெழுத்துப் போடுகிற முதல் ஆள் நான்தான்; அண்ணன் இன்றைக்கும் பெருவிரலை மையில் தோய்க்கிறவர். அந்தப் பெருமை எனக்கு உண்டு, அதை நான் மறைத்ததில்லை. பள்ளியின் துரைசானி அம்மாள் சீமைக்குப் போகும்போது தமது படப்பெட்டியை என்னிடம் விட்டுப்போனார். வகுப்பில்லாத நேரமெல்லாம் நானும் அந்தப் பெட்டியும் தோட்டமும்தான். பன்னீர் ரோஜாவின் மடிப்பில் நிற்கும் பனி, வேப்பம்பூவின் மேல் கால் வைக்க இடம் தேடும் தேனீ, மாங்கொத்தில் ஏறும் எறும்பு என்று ஒவ்வொன்றின் முன்னும் முக்காலியை ஊன்றிக் காத்திருப்பேன். பெட்டிக் கண்ணின் மூடி திறந்திருக்கும் நேரத்தில் காற்று வீசினால் படத்தில் பூ புகையாகிவிடும். காற்று அடங்கும் அந்தச் சிறு பொழுதுக்குக் காத்திருந்ததுபோல் வேறு எவருக்காகவும் நான் காத்திருந்ததில்லை. வருவதற்கும் எவரும் இல்லை.

“என்னளா செய்யுத, முக்காட்டப் போட்டுக்கிட்டு?” என்றாள் மதினி.

“பூவப் படம் புடிக்கேன் மதினி.”

“பூவ நீ புடிச்சுக்கிட்டா, பெறகு மரத்துல காய் எப்படிளா புடிக்கும்?”

தன் பேச்சுக்குத் தானே சிரித்தாள். பாதியில் சிரிப்பு நின்றது. கல்யாணமாகிப் பல வருஷமாகியும் அவளுக்குப் பிள்ளையில்லை. காய் பிடிக்காத மரம் என்று அவள் காதுபடச் சொல்வது என் தாயாருக்கு வழக்கம். அந்தச் சொல் இப்போது அவள் வாயிலேயே வந்துவிட்டது.

“ஒங்கண்ணனுக்கு வேற பொண்ணு பேசிட்டாவ,” என்றாள், மரத்தைப் பார்த்துக்கொண்டு. “நீ படிச்சவ. நீ வந்து ஒரு வார்த்த சொன்னா கேப்பாவ.”

வருகிறேன் என்றேன். என் சொல்லுக்கு மதிப்பிருக்கும் என்றே நானும் நம்பினேன். புறப்படுமுன், “என்னையும் ஒண்ணு புடி,” என்றாள். “புதுசா ஒருத்தி வந்துட்டா, அந்த வீட்டுல நான் இருந்தேங்கதுக்கு என்ன இருக்கு?”

தாழ்ந்த கிளைக்கு முன்னால் அவளை உட்கார வைத்தேன். அசையாதே என்றேன். மூடியைத் திறந்ததும் மேற்கேயிருந்து காற்று வந்துவிட்டது. தகட்டைக் கழுவிப் பார்த்தபோது மாம்பூவெல்லாம் கலைந்து புகையாக இருந்தது. அதன் நடுவே மதினி மட்டும் இமையின் மயிர்கூடத் தெளிவாக இருந்தாள். யார் என்ன சொன்னாலும் அசையாமல் இருப்பது அவளுக்குப் பழகிப்போயிருந்தது.

அன்றே அவளோடு களக்காட்டுக்குப் போனேன். அண்ணன் முன் நின்று, எனக்குத் தெரிந்த நல்ல சொற்களையெல்லாம் சொன்னேன். அவர் வெற்றிலையை மடித்து முடிக்கும்வரை கேட்டார். “பூவுக்குப் படம் எடுக்கவளுக்குக் குடும்பம் நடத்துத பாடு என்னட்டீ தெரியும்?” என்றார். தாயார் குரலைத் தாழ்த்தி, “கல்யாணம் பேசுத எடத்துல நீ வந்து நிக்கலாமாளா?” என்றாள். பங்குனியில் கல்யாணம் நடந்தது. கூப்பிடாமல் இனி அந்த வாசலை மிதிப்பதில்லை என்று திரும்பினேன், யாரும் கூப்பிடவில்லை.

போன வருஷம் புதியவளுக்கு ஆண்பிள்ளை பிறந்ததாகத் தெரிந்தது. மதினியின் நிலையை எண்ணி, வீம்பை விட்டு, படத்துக்குச் சட்டம் போட்டு, பெட்டியையும் எடுத்துக்கொண்டு வண்டியில் போனேன். புதியவள் அடுக்களையில் இருந்தாள். பிள்ளை மதினியின் மடியில் இருந்தது. “பையப் பேசு, இப்பத்தான் கண்ணசந்தான்,” என்றாள். அவள் கன்னத்தில் சதை வைத்திருந்தது. சட்டத்தை வாங்கி ஒரு பார்வை பார்த்தாள். “நல்லாத்தான் இருக்கு. நீயே வச்சுக்கோளா, இங்கன எதுக்கு?” என்று திருப்பிக் கொடுத்தாள்.

பிள்ளையோடு ஒரு படம் எடுத்துத் தருகிறேன் என்று முற்றத்தில் முக்காலியை ஊன்றினேன். துணிக்குள் நுழைந்து பார்த்தபோது பிள்ளையின் முகத்தைக் காணவில்லை. முந்தானையால் மூடியிருந்தாள்.

“வேண்டாம்ளா. பச்சப்புள்ள. ஆயுசு கொறஞ்சிரும்பாவ.”

தனக்குப் படம் கேட்டபோது அவள் ஆயுசை நினைத்ததாகத் தெரியவில்லை. இப்போது மறைத்தது பெட்டியின் கண்ணுக்கா, தாலியிழந்த என் கண்ணுக்கா என்று நான் கேட்கவில்லை. எந்தப் பதில் வந்தாலும் நான் அதே வண்டியில்தான் திரும்ப வேண்டும்.

படம் இப்போது என் அறைச் சுவரில் இருக்கிறது. வருகிற பிள்ளைகள் இது யார் என்று கேட்கிறார்கள். எங்கள் மதினி என்கிறேன். ஆனால் களக்காட்டில் இப்போது இந்த முகத்தோடு யாரும் இல்லை. கலைந்த பூக்களுக்கு நடுவே அசையாமல் உட்கார்ந்திருக்கிற இவள் இங்கே, என்னோடு மட்டும்தான் இருக்கிறாள்.