ஆசிட்டில் கழுவிய கற்கள்

பழனிசெட்டிபட்டியில் கம்பம் பஸ் ஏறி நான் வேலைக்குப் போகும் இடம், ஒரு நகராட்சியின் கழிவுநீர் நிலையம். ஊர்ச் சாக்கடை அங்கே வந்து தெளிந்து, கண்மாய்க்குப் போகும். தெளிந்தாலும் அதில் பாஸ்பரஸ் மிச்சம் இருக்கும். டிஏபி உரத்தில் இருக்கிற அதே சத்துதான். வயலுக்குப் போக வேண்டியது கண்மாய்க்குப் போய் ஆகாயத்தாமரையைக் கொழுக்க வைத்துக்கொண்டிருந்தது.

அதைப் பிடிக்கத்தான் கடைசித் தொட்டியில் கற்களைக் கொட்டினோம். சுண்ணாம்பும் களிமண்ணும் பிசைந்து சுட்ட, சுண்டைக்காய் அளவு உருண்டைகள். தண்ணீர் ஊடே போகும்போது பாஸ்பரஸ் கல்லில் ஒட்டிக்கொள்ளும். நிறைந்ததும் பொடித்து வயலில் போடலாம். எட்டு மாதம் ஓடியது. ஆயுத பூஜை விடுமுறை முடிந்ததும் கல்லைச் சோதனைக்கு அனுப்ப வேண்டும். சத்து இருந்தால் திட்டம் தொடரும், இல்லாவிட்டால் தொட்டியையே எடுத்துவிடுவார்கள். பார்வையிட வந்த அதிகாரிகளிடமெல்லாம் இதை வாய் வலிக்கச் சொல்லியிருக்கிறேன்.

விடுமுறை கழிந்து போனால் மோட்டார், வால்வு, மண்வெட்டி என்று எல்லாவற்றிலும் சந்தனப் பொட்டு. தொட்டி விளிம்பிலும் ஒன்று. உள்ளே, பழுப்பேறிக் கிடந்த கற்கள் வெளேரென்று இருந்தன.

துப்புரவு வேலை பார்க்கும் அக்கா பொரிப் பொட்டலத்தோடு வந்தார். அனுமந்தன்பட்டிக்காரர்.

"பூசைக்கு எல்லாத்தயும் கழுவச் சொன்னாக சார். இந்தக் கல்லுலதான் ஒரே பாசி. பாத்ரூம் ஆசிட்ட ஊத்தித் தேச்சேன். நொரையாப் பொங்குச்சு. அழுக்கு பூராம் அங்கன கண்மாய்க்குப் போயிருச்சு."

கத்தினேன். என்னவெல்லாம் சொன்னேன் என்று எழுத வெட்கமாக இருக்கிறது. போகிற வழியில் பொட்டலத்தை என் மேஜையில் வைத்துவிட்டுப் போனார்.

கல்லில் சத்து இல்லை என்றுதான் முடிவு வந்தது. நடந்ததை விளக்கமாக எழுதிக் கொடுத்தேன். யாரும் படித்ததாகத் தெரியவில்லை. தொட்டியைக் கழற்றிய அன்று அக்கா பக்கத்தில் வந்து நின்றார்.

"அந்தக் கல்லு என்னதான் சார் செஞ்சுச்சு?"

அப்போதுதான் அவருக்கு முதல்முறையாகச் சொன்னேன். எட்டு மாதமும் தினம் அந்தத் தொட்டியோரத்தைக் கூட்டியவர் அவர். அவரிடம் சொல்ல வேண்டும் என்று ஒரு நாளும் எனக்குத் தோன்றவில்லை. படித்த திமிர், வேறென்ன.

அவர் கண்மாய்ப் பக்கம் திரும்பினார்.

"டிஏபி வரல வரலன்னு எங்க வீட்டுக்காரவுக நாலு நாளா சொசைட்டி வாசல்ல நிக்கிறாக சார். வாழை வளராம அப்படியே நிக்கிது" என்றார். "அந்தச் சத்தைத்தான் நான் ஆசிட்ட ஊத்திக் கழுவி விட்டேனா? ஒரு வார்த்த சொல்லியிருந்தா தொட்டிக்குக் காவலே கெடந்திருப்பேனே சார்."