நூறாவது கையெழுத்து

பூவராகவனைப் போல ஒரு பயந்தாங்கொள்ளி டெல்லி லக்ஷ்மிபாய் நகர் குவார்ட்டர்ஸிலேயே கிடையாது. மேலதிகாரி இருமினால் இவர் எழுந்து நிற்பார். இருபத்தாறு வருஷக் குமாஸ்தா உத்தியோகத்தில் ஒரு மெமோ கூட வாங்கியதில்லை. அப்பேர்ப்பட்ட மனிதர் 2007-இல் ஓர் அரசியல் கட்சியில் சேர்ந்தார் என்றால் நம்புவீர்களா? மத்திய சர்க்கார் ஊழியர் கட்சியில் சேர்ந்தது தெரிந்தால் வேலைக்கே உலை!

காரணம், மகள் சிந்து. பிறவியிலேயே பார்வை இல்லாத பெண், பி.ஏ. இரண்டாம் வருஷம். பாடப் புத்தகத்தைப் பக்கம் பக்கமாக ஸ்கேன் செய்து கம்ப்யூட்டரில் ஏற்றினால், அது வாய்விட்டுப் படித்துக் காட்டும். பதிப்பகத்துக்கு அனுமதி கேட்டு நாலு கடிதம் போட்டார், பதிலே இல்லை. அனுமதி இல்லாமல் முழுப் புத்தகத்தை நகலெடுப்பது குற்றம் என்று யாரோ சொல்லிவைக்க, ஸ்கேனர் ஓடும்போதெல்லாம் ஜன்னலைச் சாத்திவிட்டு வியர்த்துக் கொட்டுவார்.

அந்தச் சட்டத்தை மாற்ற வேண்டும் என்றுதான் கரோல் பாக்கில் ஜெராக்ஸ் கடை வைத்திருந்த ஜெயசீலன் கட்சி தொடங்கினான். டெல்லியைத் தாண்டாத குட்டிக் கட்சி. பதிவு செய்ய நூறு உறுப்பினர்களின் பத்திரம் வேண்டும், தொண்ணூற்றொன்பது சேர்ந்திருந்தது. ஞாயிற்றுக்கிழமை அவன் கடைக்குப் போன பூவராகவன், மகளை நினைத்துக்கொண்டு சட்டென்று கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தார்.

திங்கள் காலை ஆபீசில் ஒரு ஃபைலில் கையெழுத்திட்டார். பேனா தானாகக் கீழே இறங்கி, பதவி, பிரிவு, அமைச்சகம் என்று வழக்கம்போல எழுதி முடித்தது. ஐயையோ, நேற்றும் இப்படித்தானே எழுதினேன்! கட்சிப் பத்திரத்தில், என் கையாலேயே! வேலை போனால் வீடும் போகும். சிந்துவின் படிப்பு என்னாகும்?

அரை நாள் லீவு எழுதிக்கொடுத்துவிட்டு ஜெயசீலன் கடைக்கு பஸ் பிடித்தார். காக்கிச் சட்டை கண்டக்டரைக் கூட நிமிர்ந்து பார்க்கவில்லை.

"தம்பி, என் பத்திரத்தைக் குடுத்துடு, ஜல்தி! யாராவது பாத்தாங்களா?"

"யாரும் பாக்கலை சார். நாளைக்குத்தான் தேர்தல் கமிஷனுக்குப் போகுது. ஆனா நீங்க போனா தொண்ணூத்தொம்பதுதான். இன்னிக்குள்ள இன்னொரு ஆளுக்கு நான் எங்க போவேன்?" ஜெயசீலன் பத்திரத்தைத் திருப்பிக் கொடுத்து, கூடவே ஒரு வெற்றுப் படிவத்தையும் நீட்டினான். "யாராவது கெடைச்சா பாருங்க சார்."

வீட்டுக்குள் நுழைந்ததுமே சிந்து கேட்டுவிட்டாள். "என்னப்பா, இப்பவே வந்துட்டீங்க? மூச்சு ஏன் இப்படி வாங்குது?"

வெட்கத்தை விட்டு எல்லாவற்றையும் சொன்னார்.

"எனக்குப் பத்தொம்பது வயசாச்சு. நான் போடறேன்."

"வேண்டாம்மா. நாளைக்குப் போலீஸ், கேஸுன்னு எவனாவது வந்து நின்னா..."

"படிக்கப்போறது நான்தானேப்பா? கையெழுத்து போடற எடத்துல என் விரலை வைங்க."

வைத்தார். அவள் கோணல்மாணலாக, ஆனால் அழுத்தமாக எழுதினாள். தந்தை பெயருக்கான இடம் காலியாக இருந்தது.

"அது நீங்க எழுதுங்கப்பா."

இதைப் பிடித்துக்கொண்டு ஆபீஸ் வரைக்கும் வந்துவிடுவார்களோ? ஆனாலும் தன் பெயரை எழுதினார். பேனா பழக்கதோஷத்தில் கீழே இறங்கப் பார்த்தது. இடது கையால் வலது மணிக்கட்டைப் பிடித்து நிறுத்தினார்.

"பதவியை எழுதிடலையே?" சிந்து சிரித்தாள்.

"இல்லம்மா. உன் அப்பான்னு மட்டும்தான் இருக்கு" என்றார். குரல் இன்னும் நடுங்கிக்கொண்டுதான் இருந்தது.