செல்வி அவிழ்க்க மறுத்த கட்டு

நான் கேட்ட ஒரு கேள்விக்கு ஆண்டவர் பதில் சொன்னார். அதை உங்களிடம் சொல்லாவிட்டால் எனக்குச் சோறு இறங்காது.

போன ஆடியில் ஒரு செவ்வாய்க்கிழமை, செல்வியை எங்களிடமிருந்து கூட்டிக்கொண்டு போய்விடுவார்களோ என்ற நிலை வந்தது. செல்விக்கு எட்டு வயது. நான் பெற்ற பிள்ளை இல்லை, தத்தும் இல்லை. அவளுடைய அம்மாவுக்கு மம்சாபுரத்தில் கூலி வேலை. மனநலம் சரியில்லாமல் ஆஸ்பத்திரியில் இருந்தார், பார்த்துக்கொள்ள வேறு ஆளும் இல்லை. அம்மா குணமாகும்வரை ஒரு குடும்பத்தில் வளரட்டும் என்று, குழந்தைகள் நலக் குழுதான் பிள்ளைகள் இல்லத்திலிருந்த அவளை எங்களிடம் ஒப்படைத்தது. நாங்கள் இருப்பது இராஜபாளையம். என் வீட்டுக்காரர் தாமஸ் மினிபஸ் ஓட்டுகிறார். எனக்கு பேண்டேஜ் கம்பெனியில் ரோல் சுற்றும் வேலை. கல்யாணமாகிப் பதினாறு வருடமாகியும் பிள்ளை இல்லை.

நான் எதையும் துருவிக் கேட்கிற ஆள். எதிர்வீட்டு மிக்சி சத்தம் மாறினாலும் என்ன அரைக்கிறார்கள் என்று கேட்டுவிடுவேன். அப்படிப்பட்ட எனக்கு, இந்தப் பிள்ளையின் ஒரு பழக்கம் மட்டும் பிடிபடவே இல்லை. கம்பெனியிலிருந்து நான் கொண்டுவரும் வேஸ்ட் துண்டுகளை எடுத்து இடது கையிலும் வலது முழங்காலிலும் கட்டிக்கொள்வாள். கீழே விழுந்ததும் அடிபட்டதும் கிடையாது. நுனியை இரண்டாகக் கிழித்து முடிச்சுப் போடுவதைப் பார்க்க வேண்டுமே, பத்து வருடம் ரோல் சுற்றிய எனக்கே அவ்வளவு நேர்த்தி வராது! குளிக்கப் போனால் கதவைச் சாத்திக்கொண்டு அவிழ்த்து, திரும்பக் கட்டிக்கொண்டுதான் வெளியே வருவாள். "என்னட்டி இது?" என்றால் நழுவி ஓடிவிடுவாள். எங்கள் தெருவில் பேண்டேஜ் துணியை வைத்து விளையாடாத பிள்ளை இல்லை. இதுவும் விளையாட்டு என்று விட்டுவிட்டேன். அதுதான் நான் செய்த தப்பு.

அந்தச் செவ்வாய்க்கிழமை, பிள்ளை எப்படி இருக்கிறாள் என்று பார்க்க, குழந்தைகள் நலக் குழு அனுப்பிய மேடம் வந்தார்கள். கட்டைப் பார்த்ததும் முகம் மாறிவிட்டது.

"என்னம்மா காயம்?"

"காயமே இல்லீங்க மேடம், சும்மா கட்டிக்கிடுவா."

மேடம் அவிழ்க்கப் போனார்கள். செல்வி வீறிட்டு அலறினாள். "அவுக்காதீங்க! வலிக்கும்! அவுக்காதீங்க!"

யாராவது அடித்தார்களா என்று மேடம் மெதுவாகக் கேட்டார்கள். அவள் கட்டை இன்னும் இறுகப் பிடித்துக்கொண்டாள். "வியாழக்கிழமை ஆபீசுக்குக் கூட்டிட்டு வாங்க. டாக்டர் பார்க்கணும். சந்தேகம் தீரலைன்னா பிள்ளை திரும்ப இல்லத்துக்குத்தான் போகணும்" என்று சொல்லிவிட்டுப் போனார்கள். அவர்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை. அந்த இடத்தில் நான் இருந்தாலும் அப்படித்தான் சொல்லியிருப்பேன்.

அன்று முழுவதும் அழுதேன். முதலில், மேடத்தின் மனதை மாற்றும் என்று ஜெபித்தேன். வார்த்தை மனதில் ஒட்டவில்லை. புதன்கிழமை வேலைக்குப் போகும்போது வேறு மாதிரி கேட்டேன். "ஆண்டவரே, இந்தப் பிள்ளை மனசுல என்ன இருக்குன்னு எனக்குத் தெரியலை. எனக்குக் காட்டும்." அவ்வளவுதான் கேட்டேன்.

பதினோரு மணிக்குக் கத்தரி விரலில் இறங்கிவிட்டது. நல்ல ஆழமான வெட்டு. "நான் கேட்டது என்ன, நீர் தர்றது என்ன?" என்று ஆண்டவரிடமே சண்டை போட்டேன். கட்டுப் போட்டு, அரைநாள் லீவு கொடுத்து அனுப்பினார்கள்.

சாயங்காலம் பள்ளிக்கூடம் விட்டு வந்த செல்வி என் விரலைப் பார்த்தாள். பக்கத்தில் வந்து ரகசியம் போலக் கேட்டாள்.

"அத்தை, ஒங்களையும் எங்கயாச்சும் அனுப்பப் போறாங்களா?"

எனக்குப் புரியவில்லை. "ஏன் தாயி அப்படிக் கேக்க?"

"கட்டுப் போட்டிருக்கீங்கல்ல. கட்டு இருந்தா அனுப்ப மாட்டாங்க."

பிறகு கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னாள். முன்னே ஒருமுறை சுடுகஞ்சி கையிலும் காலிலும் கொட்டி, ஸ்ரீவில்லிபுத்தூர் ஆஸ்பத்திரியில் கிடந்திருக்கிறாள். கட்டுப் போடும் நர்ஸ் அக்காவின் கையையே பார்த்துக்கொண்டிருப்பாளாம். அத்தனை நாளும் அம்மா கட்டிலை விட்டு நகரவில்லை. கட்டை அவிழ்த்த அதே வாரத்தில்தான் அம்மாவுக்கு முடியாமல்போய் வேறு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள், இவளை இல்லத்துக்கு அனுப்பினார்கள். பிள்ளை அதையும் இதையும் சேர்த்து ஒரு கணக்குப் போட்டுவிட்டது. எங்கள் வீட்டை விட்டுப் போகக்கூடாது என்றுதான் இத்தனை நாளும் கட்டிக்கொண்டிருக்கிறாள்! எந்தக் கட்டினால் போக நேருமோ என்று நான் பயந்தேனோ, அதைத்தான் அவள் பிடித்துக்கொண்டு நின்றாள். அவளை அணைத்துக்கொண்டு ஓவென்று அழுதேன்.

அழுது முடித்ததும் பொய் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. "எம்புட்டு நாளைக்கு இங்க இருப்பேன்னு எனக்கே தெரியாது தாயி. ஆனா ஒங்கிட்டச் சொல்லாம ஒன்னைய யாரும் எங்கயும் அனுப்ப விடமாட்டேன்" என்றேன்.

வியாழக்கிழமை வீட்டுக்காரரும் நானுமாகச் செல்வியை ஆபீசுக்குக் கூட்டிப்போய், நடந்ததை எல்லாம் மேடத்திடம் சொன்னேன். செல்வி என் முகத்தைப் பார்த்தாள். யாரும் தொடவில்லை. அவளே கைக்கட்டை அவிழ்த்தாள், பிறகு முழங்கால் கட்டையும். கஞ்சி கொட்டிய பழைய தழும்பு மட்டும்தான் இருந்தது. டாக்டரும் பார்த்து அதையே சொன்னார். மேடம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார்கள். செல்வி நிமிர்ந்து, "இப்பக் கட்டு இல்ல. இருந்தாலும் நான் இவிய வீட்டுக்குத்தான் போவேன்" என்றாள். அன்று மூன்று பேருமாகத்தான் பஸ் ஏறினோம்.

அன்றிலிருந்து என் ஜெபம் மாறிவிட்டது. இதைத் தாரும், அதைத் தாரும் என்று கேட்பது குறைந்து, எனக்குத் தெரியாததைக் காட்டும் என்று கேட்கிறேன். இப்படிப் பிள்ளைகளை வைத்துப் பராமரிக்கிறவர்களே, புரியாத ஒன்றை மனதில் வைத்துத் தவிப்பவர்களே, நீங்களும் அவரிடம் கேட்டுப் பாருங்கள். பதில் நாம் நினைக்கிற வழியில் வராது, சமயத்தில் வலிக்கவும் செய்யும். ஆனால் வரும்.

செல்வியின் அம்மா இப்போது தேறி வருகிறார். மாதம் ஒருமுறை அவளைக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டுகிறேன். போன வாரம் வீட்டில் மூவரும் முழங்காலில் நின்று ஜெபித்தோம். "அந்தத் தாயை முழுசாச் சுகமாக்கும். பிள்ளை அவுங்க அம்மாகிட்டப் போய்ச் சேரட்டும்" என்று என் வாயால் கேட்டேன். கேட்டுவிட்டேன், ஆனால் ஆமென் என்ற ஒரு சொல் மட்டும் தொண்டையில் நின்றுவிட்டது.

செல்விதான் என் கையைப் பிடித்துக்கொண்டு ஆமென் சொன்னாள்.