இடிதாங்கிக் கடனும் பாலியஸ்டர் சுடிதாரும்

வங்கியின் கடன் பிரிவு அதிகாரியாகச் சிவகாசிக்கு வந்தபின் என் முதல் நேரடி ஆய்வு நாரணாபுரத்தில். அங்கே பட்டாசு ஆலை நடத்தும் மாரீஸ்வரி அக்கா, ஷெட்டுகளுக்கு இடிதாங்கியும் எர்த்திங்கும் போட, அரசு உத்தரவாதத்தில் அடமானம் இல்லாத கடன் கேட்டிருந்தார். அந்த வேலை முடியாவிட்டால் லைசென்ஸ் புதுப்பிக்க மாட்டார்கள். சீசன் நேரத்தில் ஆலையைப் பூட்ட வேண்டியதுதான்.

நான் எலக்ட்ரிக்கல் இன்ஜினியர். எனக்காகவே வந்த ஃபைல் என்று நம்பி, எர்த்திங் பற்றிய கேள்விகளை வரிசையாகத் தயாரித்துக்கொண்டு போனேன்.

அக்கா கேட்டிலேயே நிறுத்தினார்.

"என்ன துணி மேடம் இது?"

"பாலியஸ்டர்க்கா. கசங்கவே கசங்காது."

"கசங்காது, உரசுனா பொறி கிளம்பும். உள்ள அம்புட்டும் மருந்துல்லா இருக்கு? செல்போன், கொலுசு, கழுத்துல தொங்குற கார்டு எல்லாத்தையும் இங்கன வச்சிட்டு, இதக் கட்டிக்கிட்டு வாங்க."

கல்லூரியில் நான் செமினார் எடுத்த தலைப்பு: நிலைமின்சாரம்.

கேட்டை ஒட்டிய அறையில் நூல் சேலை கட்டி, அதன்மேல் தொழிலாளிப் பெண்கள் போடும் ஆண்கள் சட்டையையும் மாட்டிக்கொண்டு ஆய்வை முடித்தேன். வெளியே வந்ததும், உடை மாற்றச் சோம்பல்பட்டு, ஆலை வாசலில் அக்காவோடு அப்படியே நின்று போட்டோ எடுத்து வங்கியின் ஆய்வு ஆப்பில் ஏற்றினேன். ஃபைல் திரும்பி வந்தது. மண்டல அலுவலகத்துக்குப் போன் செய்தேன்.

"ஏம்மா, போட்டோல ஓனர் இருக்காங்க, லேபர் இருக்காங்க. ஆபீசர் எங்க?"

"லேபர்தான் சார் ஆபீசர்."

"விளையாடுறீங்களா? மறுபடி போய் எடுங்க."

லைசென்ஸ் ஆய்வுக்கு நாள் நெருங்கியிருந்தது. விஷயத்தைச் சொன்னதும் அக்கா சிரிக்கவில்லை. "ஒரு சட்டைக்காகவா எங்கம்பெனிய மூடப் பாக்கீக?" என்றார். மறுநாள் காலை பருத்திச் சுடிதாரில், அடையாள அட்டையோடு ஆலை வாசலில் நின்றேன். போட்டோ முதலில், போனை ஒப்படைப்பது அதற்குப் பிறகு. என் பட்டியலில் எல்லாமே இருந்தன, வரிசை ஒன்றைத் தவிர. புதிதாகச் சேருகிறவர்கள் இதைக் குறித்துக்கொள்ளலாம். பருத்தி உடையையும்.

கடன் கிடைத்தது, இடிதாங்கி ஏறியது, லைசென்ஸும் வந்தது. அதைச் சொல்ல அக்காவே போன் செய்தார்.

"சீசனுக்கு ஆளு பத்தல மேடம். மொதப் போட்டோல எம்பக்கத்துல நின்னுச்சே ஒரு பிள்ள, அத வரச் சொல்லுங்க."